ஊருக்கு ஒரு நீச்சல் குளம்: கட்டுமுன் போட வேண்டிய கணக்கு

பொது நீச்சல் குளம் என்று பேச்சு எழுந்தவுடன் எல்லோரும் நீளத்தைத்தான் கேட்கிறார்கள்: 25 மீட்டரா, 50 மீட்டரா? அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. குளத்துத் தண்ணீர் முழுவதும் எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை வடிகட்டிக்குள் போய்த் திரும்ப வேண்டும்? பம்ப், குழாய், மின்கட்டணம் எல்லாம் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் வருகின்றன.

25 மீட்டர் நீளம், 12.5 மீட்டர் அகலம், 1 மீட்டரிலிருந்து 1.8 மீட்டருக்குச் சரியும் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். கொள்ளளவு 4,37,500 லிட்டர். நான்கு மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்றால் மணிக்குச் சுமார் 1,10,000 லிட்டர் ஓட வேண்டும். மணல் வடிகட்டியில் வேகம் கூடினால் அழுக்கு மணலில் தங்காமல் நழுவிவிடும். மணல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு 25,000 லிட்டர் என்பது நல்ல அளவு. அதற்கு 1.7 மீட்டர் விட்டமுள்ள இரண்டு வடிகட்டிகளும் ஏறக்குறைய 10 எச்.பி. பம்பும் வேண்டும். நாள் முழுக்க ஓடினால் 150 யூனிட்டுக்கு மேல் ஆகும். இரவில் பம்பை நிறுத்திவிடலாம் என்று தோன்றும். நிறுத்தினால் தண்ணீர் தேங்கி, பாசி பிடிக்கத் தொடங்கும். அதற்குப் பதில் பம்பின் வேகத்தை 20 சதவீதம் குறைத்தாலே மின்செலவு பாதியாகும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.

குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) வரை இருந்தால் போதும். ஆனால் அது வேலை செய்வது தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவைப் பொறுத்தது. பி.எச். 7.5இல் குளோரினில் ஏறக்குறைய பாதி கிருமிகளைக் கொல்லும் வடிவில் இருக்கும். 8 ஆனால் கால் பங்குகூட மிஞ்சாது. அப்போது பிளீச்சிங் பவுடரைக் கூடுதலாகக் கொட்டிப் பயனில்லை, அமிலம் விட்டு பி.எச்.சை இறக்க வேண்டும். மூக்கில் ஏறும் ‘குளோரின் வாடை’யும் குளோரின் மிகுந்ததற்கு அடையாளமல்ல. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமைன்களின் வாடை அது. இறங்குமுன் சோப்புப் போட்டுக் குளிக்க வைப்பதும், தண்ணீரில் ஒரு பங்கை அவ்வப்போது மாற்றுவதும்தான் அதற்கு மருந்து. வாரம் ஒருமுறை பேக்வாஷ் செய்தால், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு வடிகட்டியைக் கழுவினால், ஏறத்தாழ 15,000 லிட்டர் வெளியேறும். வெயிலில் நாளுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியானால் வாரத்துக்கு இன்னும் 13,000 லிட்டர் போகும்.

பலர் யோசிக்காத ஆபத்து தரைக்கு அடியில் இருக்கிறது. நிலத்தடி நீர் மேலே ஏறும் ஊர்களில், காலியான குளம் ஒரு படகு மாதிரி. மேற்சொன்ன குளத்தில் ஆழமான பக்கத்துத் தரையின் அடிப்பாகம் நிலமட்டத்துக்கு 2 மீட்டர் கீழே இருக்கும். நிலத்தடி நீர் நிலமட்டத்துக்கு அரை மீட்டர் கீழே வரை ஏறிவிட்டால், ஒவ்வொரு சதுர மீட்டரையும் கீழிருந்து ஒன்றரை டன் விசை மேலே தள்ளும். 25 சென்டிமீட்டர் கான்கிரீட் தரையின் எடையோ சதுர மீட்டருக்கு 0.6 டன்தான். குளத்தில் இருக்கும் தண்ணீரின் எடை இந்த அழுத்தத்தைத் தாங்கிக்கொள்ளும். தண்ணீரை வெளியேற்றிவிட்டால் தரை வெடிக்கும், சில வேளை குளமே எழும்பும். தரைக்கு அடியில் ஜல்லிப் படுகையும், நீரை உறிஞ்சியெடுக்கும் கிணறும், அழுத்தத்தை விடுவிக்கும் வால்வும் திட்டத்திலேயே இருக்க வேண்டும். மண் பரிசோதனையை மழைக்காலத்தில் செய்வது நல்லது. சித்திரையில் எடுத்த நீர்மட்டம் ஐப்பசிக்கு உதவாது.

பணம் திரட்டும்போது கட்டுமானத்தையும் நடத்துவதையும் பிரித்தே பார்க்க வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியில் ஆண்டுக்கு 5 கோடி உண்டு. ஆனால் அது சொத்து உருவாக்கத்துக்குத்தான். சம்பளத்துக்கும் மின்கட்டணத்துக்கும் அதில் இடமில்லை. உயிர்காப்பாளர்கள், பம்ப் இயக்குபவர், ரசாயனம், மாதம் நாலாயிரத்துக்கு மேற்பட்ட யூனிட் மின்சாரம் எல்லாம் உள்ளாட்சியின் கணக்கில்தான் விழும். நுழைவுக் கட்டணம் மட்டும் பெரும்பாலும் இதற்குப் போதாது. எந்தத் தலைப்பில், எத்தனை ஆண்டுக்கு ஒதுக்குவோம் என்று தீர்மானம் போட்ட பிறகே ஒப்பந்தம் கோருங்கள். பணமில்லை என்று பூட்டி வைக்கவும் வழியில்லை: நிரப்பியே விட்டால் கொசு பெருகும், வடித்துவிட்டால் அடுத்த மழையில் தரை எழும்பும்.