டேங்கில் ஊற்றும் பாட்டில் வால்வைத் தொடாது: டைரக்ட் இன்ஜெக்ஷன் கார்களும் கார்பனும்

பெட்ரோல் போடும்போது ஒரு பாட்டில் 'கார்பன் கிளீனர்' சேர்த்து ஊற்றிவிட்டால் என்ஜினுக்குள் இருக்கும் கரியெல்லாம் போய்விடும் என்று நம்பி வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பழைய எம்பிஎஃப்ஐ கார்களுக்கு அதில் ஓரளவு உண்மை உண்டு. டைரக்ட் இன்ஜெக்ஷன் கார்களுக்கு, சிலிண்டருக்குள் காற்றை விடும் இன்டேக் வால்வைப் பொறுத்தவரை, அது வீண் செலவு. கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி பக்கமிருந்து இந்த வகை டர்போ பெட்ரோல் கார்கள் இப்போது எங்கள் பட்டறைக்கு நிறைய வேலைக்கு வருவதால், விவரமாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எம்பிஎஃப்ஐ என்ஜினில் இன்ஜெக்டர் சிலிண்டருக்கு வெளியே, காற்று வரும் பாதையில் உட்கார்ந்திருக்கும். 3, 4 பார் அழுத்தத்தில் பெட்ரோலை இன்டேக் வால்வின் முதுகில் பீய்ச்சும். அதனால் வால்வு நாள் முழுக்கப் பெட்ரோலில் கழுவப்பட்டுக்கொண்டே இருக்கும். டைரக்ட் இன்ஜெக்ஷனில் இன்ஜெக்டர் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சுகிறது. அழுத்தம் 200 பார், சில என்ஜின்களில் 350 பார் வரை. பெட்ரோல் உள்ளேயே ஆவியாகிச் சூட்டைக் குறைப்பதால் கம்ப்ரெஷனை, அதாவது சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் அளவை, கூட்ட முடிகிறது, டர்போவுக்கும் தோதாக இருக்கிறது. 1996-ல் மிட்சுபிஷி இதைப் பெரிய அளவில் கார்களில் கொண்டுவந்தபோதும் எரிபொருள் சிக்கனம்தான் நோக்கம். நல்ல தொழில்நுட்பம்தான், சந்தேகமில்லை. ஆனால் வால்வின் முதுகைக் கழுவ அங்கே பெட்ரோல் வருவதே இல்லை.

வெறும் காற்று மட்டும் போனால் கரி எப்படிப் பிடிக்கும்? பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் புகையும் ஆயில் ஆவியும் என்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸில் சேர்கின்றன. அதை வெளியே விட்டால் சுற்றுச்சூழல் கெடும் என்பதால், பிசிவி வால்வு வழியாகத் திரும்பவும் காற்றுப் பாதைக்கே அனுப்புகிறார்கள். அந்த ஆயில் ஆவி சூடான வால்வில் படிந்து காய்கிறது. டீக்கடை வடைச்சட்டியின் வெளிப்பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒருநாள் எண்ணெய் ஒன்றும் தெரியாது, நாள்பட நாள்பட அதன் மேலேயே அடுத்த அடுக்கு ஏறிக் கல்லாகிவிடும். வால்வில் நடப்பதும் அதேதான்.

உங்கள் கார் இந்த வகையா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவின் டிஎஸ்ஐ, ஹூண்டாய், கியாவின் டர்போ ஜிடிஐ, மஹிந்திராவின் டிஜிடிஐ எல்லாம் டைரக்ட் இன்ஜெக்ஷன். டர்போ என்றாலே டைரக்ட் இன்ஜெக்ஷன் என்று நினைக்க வேண்டாம், நெக்ஸானின் 1.2 டர்போ பெட்ரோல் போர்ட் இன்ஜெக்ஷன்தான். மாருதியின் டூயல்ஜெட் என்ற பெயரைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். அதில் சிலிண்டருக்கு இரண்டு இன்ஜெக்டர், ஆனால் இரண்டுமே வால்வுக்கு வெளியேதான். அந்த வண்டிக்கு இந்தக் கவலை இல்லை.

அறிகுறி பெரும்பாலும் காலையில் தெரியும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ஐடிலிங்கில் உதறும், சிலிண்டரில் சரியாக எரியாமல் மிஸ்ஸிங் (மிஸ்ஃபயர்) ஆகும், சூடேறியதும் சரியாகிவிடும். பிறகு பிக்கப் மந்தமாகும், மைலேஜ் இறங்கும். கடைசியில் செக் என்ஜின் லைட் வரும், ஸ்கேனரில் பி0300 வரிசைக் கோளாறு எண் (கோடு) காட்டும்.

இந்த இடத்தில்தான் அவசரப்படக் கூடாது. மிஸ்ஃபயர் என்றதும் 'கார்பன், டீகார்பனைசிங் பண்ணிடலாம்' என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் பிளக், பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில், காற்றுக் கசிவு, அடைத்த இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் குறைவு எல்லாமே இதே மாதிரிதான் உதறும். கோடு பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று பொருள். அதன் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். கோடு பி0303 ஆக மாறினால் கோளாறு காயிலில்; கார்பனைத் தொடவே வேண்டாம். மாறாமல் இரண்டிலேயே நின்றால் அடுத்து பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வால்வுக்கு வர வேண்டும்.

வால்வுக்கு வந்தாலும் கேமரா விட்டுப் பார்க்காமல் சுத்தம் செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள். மெல்லிய வயரின் நுனியில் கேமரா இருக்கும் போர்ஸ்கோப் இன்று சின்னப் பட்டறைகளிலும் இருக்கிறது. வால்வுத் தண்டும் அடிவட்டும் சேரும் வளைவில் லேசான கறுப்பு மட்டும் இருந்தால் விட்டுவிடலாம். அதே வளைவு தெரியாத அளவுக்குக் கட்டிகட்டியாக, வெடித்த கரிசல் மண்போல் ஏறியிருந்தால் வேலை இருக்கிறது. அந்தப் படத்தை உங்கள் போனுக்கே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, காட்டுவது எங்கள் கடமை.

நன்றாகச் சுத்தம் செய்ய நான் நம்புவது வால்நட் ஓட்டுத் தூளைத்தான். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றியதும் வால்வுகளின் முதுகு கண்ணுக்குத் தெரியும். மூன்று சிலிண்டர் என்ஜினில் பொதுவாக ஆறு இன்டேக் வால்வுகள். எந்தச் சிலிண்டரில் வேலையோ, அதன் இரண்டு வால்வும் முழுதாக மூடியிருக்கும்படி கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றி நிறுத்த வேண்டும். வேலையின் உயிர்நாடியே அதுதான். வால்வு ஒரு மயிரிழை திறந்திருந்தாலும் தூள் சிலிண்டருக்குள் போய்விடும். பிறகு வேக்குவம் குழாய் இணைத்த அடாப்டரைத் துளையில் பொருத்தி, கம்ப்ரெஸர் காற்றோடு தூளை அடிக்கிறோம். வால்நட் ஓடு கரியைப் பெயர்க்கும் அளவுக்குக் கடினம், உலோகத்தைக் கீறாத அளவுக்கு மென்மை. அடிக்கும்போதே வேக்குவம் இழுத்துவிடும். நிறுத்தி, டார்ச் அடித்துப் பார்த்து, மறுபடி அடித்து, வால்வு பளிச்சென்று வந்ததும் காற்றால் ஊதி, ஒரு பொடிகூட மிச்சமில்லை என்று உறுதி செய்த பிறகே அடுத்த சிலிண்டர். மேனிஃபோல்டைத் திரும்ப மாட்டும்போது கேஸ்கெட் புதிதாக இருக்க வேண்டும்.

இந்தக் கருவி இல்லாத இடத்தில் கிளீனர் ஊற்றி ஊறவைத்து பிரஷ்ஷால் தேய்த்து எடுப்பார்கள். பொறுமையாகச் செய்தால் அதுவும் சரியே. என்ஜின் ஓடும்போதே காற்றுப் பாதையில் ஸ்பிரே அடிக்கும் முறை, இப்போதுதான் படிய ஆரம்பித்த வண்டிக்குப் பரவாயில்லை. கெட்டியாக ஏறிய வண்டியில் எனக்கு அதில் சம்மதமில்லை. பெயர்ந்த கட்டி டர்போவையும், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் தாண்டித்தானே வெளியே போக வேண்டும்? ஹைட்ரஜன் மெஷின் வைத்துச் செய்வதாகச் சொல்வதும், எரியும் அறைக்குள் நடப்பது. எரிதல் நடக்காத வால்வு முதுகுக்கு அது மருந்தல்ல. டேங்கில் ஊற்றும் நல்ல பாட்டில் இன்ஜெக்டர் முனையைச் சுத்தமாக வைக்கும், அதற்காக ஊற்றலாம்.

நம் பக்கத்தில் இந்தக் கரி சீக்கிரம் ஏறுவதற்கு நாம் ஓட்டும் விதமும் காரணம். கும்பகோணத்திலிருந்து தாராசுரம் போய்த் திரும்புவதற்குள் ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் தங்கி, ஆவியாகி, மறுபடி வால்வுக்கே போகின்றன. இதைவிட மோசம், வீட்டுப் பிள்ளை வளைகுடாவில் இருக்க, வாசலில் நிற்கும் கார். "தம்பி, வண்டி ஓடவே இல்ல, வாராவாரம் பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி மட்டும்தான் வைக்கிறோம், அப்புறம் எப்படிக் கரி பிடிக்கும்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "ஓடாததாலதான் ஐயா" என்றேன். அவர் முகம் வாடிப்போயிற்று. பிள்ளை சொன்னதை ஒரு வாரம்கூடத் தவறாமல் செய்தவர் அவர். ஸ்டார்ட் செய்து நிறுத்துவதைவிட, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தஞ்சாவூர் சாலையில் அரைமணி நேரம் சீராக ஓட்டிவிட்டு வருவது மேல். ஏறிய கரியை அது பெயர்க்காது, புதிதாக ஏறுவதைக் குறைக்கும்.

அறுவடைக் காலத்தில் ஏர் ஃபில்டரையும் கவனியுங்கள். குறுவை அறுப்பிலும் தை மாத சம்பா அறுப்பிலும் மெஷின் கிளப்பும் தூசியும் சாலையில் காயும் நெல்லின் சுணையும் ஃபில்டரை அடைத்துவிடும். ஃபில்டர் அடைத்தால் என்ஜின், கிராங்க் கேஸ் ஆவி வரும் பிரீதர் குழாயிலிருந்து ஆயில் ஆவியை இன்னும் பலமாக உறிஞ்சும்.

ஆயிலை மேனுவலில் சொன்ன கிரேடிலேயே போடுங்கள். 2020-ல் வந்த ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) எஸ்பி ஆயில் தரம் டர்போ டைரக்ட் இன்ஜெக்ஷன் என்ஜின்களையும் மனதில் வைத்து உருவானது. கிலோமீட்டர் ஆகவில்லை என்று தள்ளிப்போடாமல் வருஷத்துக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். டிப்ஸ்டிக் அளவுக்கு மேல் ஊற்றவும் வேண்டாம்.

ஓடும் என்ஜினில் ஆயில் மூடியைத் திறக்கும்போது அளவுக்கு மீறி உள்ளே இழுத்துப் பிடித்தாலோ, என்ஜின் மேலிருந்து விசில் சத்தம் கேட்டாலோ, பிசிவி டயாஃப்ரம் கிழிந்திருக்க வாய்ப்புண்டு. கிழிந்ததை அப்படியே விட்டு வால்வை மட்டும் சுத்தம் செய்தால் சீக்கிரமே அதே பிசுக்கு மறுபடி ஏறும். அதனால் மேனிஃபோல்டைத் திரும்ப மாட்டுவதற்கு முன்பே பிசிவியைச் சோதிக்கச் சொல்லி, கிழிந்திருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.