ஓவர்டிரைவ்: மிகையோட்டமா, முந்துசுழலியா?

ஓவர்டிரைவ் என்ற சொல்லைக் கேட்டதும் எஞ்சினை வருத்தி ஓட்டுவது என்றே மனத்தில் படுகிறது. அந்தப் பெயருள்ள கார்ப் பொறி செய்யும் வேலையோ அதற்கு நேர்மாறானது. காரின் வேகத்தைக் குறைக்காமல் எஞ்சினின் சுற்றை மட்டும் குறைத்து, அதற்கு மூச்சுவிட இடம் கொடுப்பதுதான் ஓவர்டிரைவ். பெயருக்கும் செயலுக்கும் இடையே இந்த முரண் எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் தமிழில் அதற்குச் சரியாகப் பெயர் வைக்க முடியும்.

கார் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆங்கிலத்தில் இந்தச் சொல் இருந்தது. கால்நடைகளை அளவுமீறி விரட்டி ஓட்டுவது என்பது அதன் பழைய பொருள். 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், கறவையாக இருக்கும் ஆடுமாடுகளை ஒருநாள் விரட்டினாலும் மந்தை முழுவதும் செத்துப்போகும் என்று யாக்கோபு தன் அண்ணன் ஏசாவிடம் சொல்கிறான். அந்த இடத்தில் வரும் வினைச்சொல் இதுதான். இருபதாம் நூற்றாண்டில் கார்ப் பொறியாளர்கள் இதைக் கையில் எடுத்தபோது, 'ஓவர்' என்ற முன்னொட்டுக்கு 'அளவு மீறி' என்ற பொருளை விட்டுவிட்டு, 'ஒன்றுக்கு மேல்' என்ற கணக்குப் பொருளைக் கொடுத்தார்கள். 1934இல் வந்த கிரைஸ்லர் ஏர்ஃப்ளோ காரில் போர்க் வார்னர் நிறுவனத்தின் ஓவர்டிரைவ் இருந்தது.

ஒன்றுக்கு மேல் என்றால் என்ன? பழைய நான்கு கியர் கார்களில் டாப் கியர் என்பது நேர் இணைப்பு. எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால் பின்பக்கம் போகும் தண்டும் ஒரு சுற்றுச் சுற்றும். கீழ் கியர்களில் தண்டு எஞ்சினுக்குப் பின்தங்கும். ஓவர்டிரைவில் தண்டு எஞ்சினை முந்துகிறது. டிரயம்ப் டிஆர் வரிசைக் கார்களில் இருந்த ஓவர்டிரைவின் விகிதம் 0.82. அதாவது எஞ்சின் 82 முறை சுற்றுவதற்குள் தண்டு 100 முறை சுற்றிவிடும். டாப் கியரில் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின், ஓவர்டிரைவ் விழுந்ததும் அதே வேகத்தில் 2,460 சுற்றுக்கு இறங்கிவிடும். நெடுஞ்சாலையில் இரைச்சலும் பெட்ரோல் செலவும் குறைகின்றன. இழுவிசையும் குறைகிறது என்பதால் மேட்டில் இதனால் பயனில்லை.

பழைய பிரிட்டிஷ் கார்களை வைத்திருப்பவர்கள் ஓவர்டிரைவ் என்று சொன்னால், பெரும்பாலும் லேகாக் டி நார்மன்வில் ஓவர்டிரைவைத்தான் சொல்கிறார்கள். கேப்டன் எட்கர் டி நார்மன்வில் வடிவமைத்ததை ஷெஃபீல்டு நகரின் லேகாக் நிறுவனம் தயாரித்தது. 1940களின் இறுதியில் ஸ்டாண்டர்டு வான்கார்டில் அறிமுகமாகி, டிரயம்ப், ஆஸ்டின் ஹீலி, ஜாகுவார், எம்ஜிபி, வோல்வோ என்று பரவியது. அதே வான்கார்டு காரைச் சென்னையிலும் ஒரு காலத்தில் பாகங்களைப் பூட்டி உருவாக்கி விற்றார்கள்.

கியர்பெட்டிக்குப் பின்னால் தனியாக மாட்டப்படும் இந்தப் பொறியின் உள்ளமைப்பு அழகானது. நடுவில் சூரியச் சக்கரம், அதைச் சுற்றிக் கோள் சக்கரங்கள், அவற்றுக்கு வெளியே உட்பக்கம் பல்வைத்த வளையச் சக்கரம். கோள்களைத் தாங்கும் சட்டத்தை எஞ்சின் பக்கத்துத் தண்டு சுற்றுகிறது. வளையச் சக்கரம் பின்தண்டோடு சேர்ந்தது. இரண்டு பக்கமும் உராய்வுப் பட்டை ஒட்டிய ஒரு கூம்புக் கிளட்ச், வழக்கமாக ஸ்பிரிங்குகளின் அழுத்தத்தில் வளையத்தோடு ஒட்டிக் கிடக்கும். அப்போது எல்லாம் ஒரே கட்டாகச் சுற்றும். ஓட்டுநர் சுவிட்சைத் தட்டியதும் சோலனாய்டு என்ற மின்காந்தக் கருவி ஒரு வால்வைத் திறக்கிறது. எண்ணெய் அழுத்தம் இரண்டு பிஸ்டன்களைத் தள்ள, கூம்பு வளையத்தை விட்டு விலகி முன்னால் இருக்கும் பிரேக் வளையத்தில் போய்ப் பதிகிறது. கூம்போடு இணைந்த சூரியச் சக்கரம் அசையாமல் நிற்கிறது. கோள்கள் அதன்மேல் உருண்டு, வளையச் சக்கரத்தை எஞ்சினைவிட வேகமாகத் தள்ளுகின்றன. கிளட்ச் மிதியைத் தொடவே வேண்டியதில்லை.

வீட்டுக் கொட்டகையில் இதைப் பிரித்து வேலை பார்க்க நினைப்பவருக்கு முதலில் சொல்ல வேண்டியது, அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள் என்பதுதான். லேகாக் ஓவர்டிரைவின் ஏ வகையில் பாதிக் கோளாறுகள் காரின் அடியில் இருந்து எதையும் இறக்காமலே தீரக்கூடியவை. உறையின் மேலே இருக்கும் வால்வு மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங், சிறு உலக்கை, எஃகுக் குண்டு, அதன் அடியில் குழல்போன்ற வால்வு ஆகியவை வரிசையாக வரும். முனை வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, குண்டு உட்காரும் இடத்தில் கீறல் விழாமல் வால்வைத் தூக்க வேண்டும். அதன் பக்கவாட்டில், கீழ்நுனிக்கு அருகில், ஊசித்துளை போன்ற ஒரு துளை இருக்கிறது. ஓவர்டிரைவ் விலகும்போது அழுத்தப்பட்ட எண்ணெய் வெளியேறும் வழி அதுதான். அழுக்கு அடைத்துக்கொண்டால் சுவிட்சை அணைத்தாலும் ஓவர்டிரைவ் விலகாது. அந்த நிலையில் காரைப் பின்னால் எடுத்தால் உள்ளே இருக்கும் ஒருவழிக் கிளட்ச் பூட்டிக்கொண்டு பொறியே உடையும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

சோலனாய்டின் நெம்புகோலையும் பலநேரம் சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கும். நெம்புகோலில் உள்ள துளையும் உறையில் உள்ள துளையும் ஒன்றாகும்போது 3/16 அங்குலத் தண்டு ஒன்று இரண்டுக்குள்ளும் நுழைய வேண்டும். அப்போது வால்வின் குண்டு 1/32 அங்குலம் எழும்பியிருக்கும்.

இவ்வளவுக்கும் மசியாவிட்டால்தான் முழுவதையும் இறக்க வேண்டும். உறையின் உள்ளே ஸ்பிரிங்குகள் அழுத்தத்தில் இருப்பதால், குட்டைத் திருகுகளின் நட்டுகளை முதலில் எடுத்துவிட்டு, நீண்ட இரண்டின் நட்டுகளை மாறிமாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவார்கள். பழைய உராய்வுப் பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது. நூல் பிரியாத துணியால் துடைக்க வேண்டும், ஒரு நூலிழை போதும் அந்த ஊசித்துளையை அடைக்க.

இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் ஓவர்ஹால் என்று பெயர். கப்பலின் கயிற்றை எதிர்ப்பக்கமாக இழுத்துத் தளர்த்துவதைக் குறித்த மாலுமிகளின் சொல் அது. நம் பட்டறைகளில் 'இறக்கி வேலை பார்ப்பது', 'கழற்றிப் பூட்டுவது' என்பார்கள். செய்கையை அப்படியே கண்முன் நிறுத்தும் இந்தச் சொற்கள் இருக்க, எழுத்திலும் வேறு தேட வேண்டாம் என்பேன்.

ஓவர்டிரைவுக்கு அப்படி ஒரு வழக்குச் சொல் தமிழில் இல்லை. நேராக மாற்றினால் 'மிகையோட்டம்' கிடைக்கும். அதை நான் ஏற்கமாட்டேன். தமிழில் மிகை என்பது வேண்டாத கூடுதல்; 'மிகைபடக் கூறல்' நூலுக்குக் குற்றம் என்றே நம் இலக்கணம் சொல்கிறது. மிகையோட்டம் என்றால் யாக்கோபின் மந்தைதான் நினைவுக்கு வரும், ஷெஃபீல்டின் பொறி வராது. பின்தண்டு எஞ்சினை முந்திச் சுழல்கிறது என்பதே இதன் உயிர்ச்செய்தி. எனவே அந்த நிலைக்கு 'முந்துசுழல்', பொறிக்கு 'முந்துசுழலி' என்பது பொருந்தும். டாப் கியரின் நேர் இணைப்பு 'நேர்சுழல்', அதற்குக் கீழே உள்ளவை 'பிந்துசுழல்' என்று ஒரே வேரில் மூன்றும் அமைந்துவிடும். பேச்சில் ஓவர்டிரைவ் என்றே இருக்கட்டும். கையேடும் பாடநூலும் எழுதுகிறவர்கள் முந்துசுழலியை எடுத்துக்கொள்ளலாம்.

'தேர்தல் பணிகள் ஓவர்டிரைவில் நடக்கின்றன' என்பது போன்ற உருவகத்துக்கு இந்தச் சொல்லைக் கொண்டுபோகக் கூடாது. அங்கே தமிழில் 'முழுவீச்சில்' என்ற நல்ல சொல் முன்பே இருக்கிறது. முந்துசுழலில் ஓடும் எஞ்சின் முழுவீச்சில் ஓடுவதில்லை.