பல் ஒரு வயது சொல்கிறது, தொடை எலும்பு வேறு வயது சொல்கிறது

ஒரு பிள்ளையின் எலும்புக்கூட்டை மேசைமேல் பரப்பி வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுநூறு ஆண்டுப் பழசு. தாடையைப் பார்த்தால் இரண்டாவது கடைவாய்ப்பல் வெளியே வந்துவிட்டது, அதன் வேரும் ஏறக்குறைய முடியும் நிலையில் இருக்கிறது. வயது 14 என்று சொல்லிவிடலாம். அப்புறம் தொடை எலும்பை அளக்கிறார்கள். இன்றைய 10 வயதுப் பிள்ளையின் நீளம்தான் இருக்கிறது.

எது சரி? இரண்டும் சரிதான். பல்லுக்குத் தனிக் கணக்கு உண்டு. வயிறு காய்ந்தாலும், மாதக்கணக்கில் காய்ச்சலில் கிடந்தாலும், பல் ஏறக்குறைய தன் காலத்தில் உருவாகி, தன் காலத்தில் முளைக்கும். எலும்பு அப்படி இல்லை. சாப்பாடு பற்றவில்லை என்றால் உடம்பு முதலில் நிறுத்தி வைக்கும் வேலைகளில் ஒன்று, உயரம் வளர்வது. அதனால் பல் உண்மையான வயதைச் சொல்கிறது; அந்த வயதுக்குள் என்னென்ன பட்டது என்பதை எலும்பு சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே விழும் நான்கு ஆண்டு இடைவெளி, அந்தப் பிள்ளை பட்ட பசியும் நோயும்.

இப்படிப்பட்ட பிள்ளைகள் கிடைத்த இடம் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள வாரம் பெர்சி. 1500ஆம் ஆண்டு வாக்கில் ஆள் இல்லாமல் போன கிராமம். உழுத நிலத்தை ஆட்டு மேய்ச்சலுக்கு விட்டால் லாபம் என்று ஆனதும், கடைசிக் குடும்பங்களும் வெளியேற்றப்பட்டன. வீடுகள் புல்மேடாகிவிட்டன. கூரை இல்லாத புனித மார்ட்டின் தேவாலயம் மட்டும் இன்றும் நிற்கிறது. 1950 முதல் 1990 வரை, வருடா வருடம் கோடையில், மாரிஸ் பெரஸ்ஃபோர்டும் ஜான் ஹர்ஸ்ட்டும் ஆட்களைத் திரட்டி அங்கே தோண்டினார்கள். தேவாலயத்திலும் அதன் கல்லறைத் தோட்டத்திலும் 687 எலும்புக்கூடுகள் கிடைத்தன. பெரும்பாலும் சாதாரண குடியானவர்கள். பெயர் பொறித்த கல் கிடையாது. துணியில் சுற்றி, தலையை மேற்கே வைத்துப் புதைத்திருக்கிறார்கள். கூடவே பானையோ நகையோ வைப்பது அந்தக் காலக் கிறிஸ்தவ வழக்கம் இல்லை. எனவே அவர்களைப் பற்றி நமக்கு என்ன தெரிய வேண்டுமானாலும் உடம்பில் எஞ்சியதைத்தான் கேட்டாக வேண்டும். அந்தக் கேள்விகளைப் பல ஆண்டுகளாகக் கேட்டவர் சைமன் மேஸ் என்ற எலும்பியல் ஆய்வாளர்.

முதல் கேள்வி, ஆணா பெண்ணா? பிள்ளை பெறுவதற்கு ஏற்றபடி பெண்ணின் இடுப்பெலும்பு அகன்றிருக்கும். அதன் பின்புறம் உள்ள வளைவும் விரிந்திருக்கும். பெரியவர்களின் இடுப்பெலும்பு முழுதாகக் கிடைத்தால் தவறு நேர்வது குறைவு. பருவம் வராத பிள்ளைகளிடம் இந்த வித்தியாசம் தெளிவாக இருக்காது. அதனால்தான் மேலே ‘பிள்ளை’ என்றே எழுதினேன். பல் எனாமலில் தங்கியிருக்கும் புரதத்தை வைத்து ஆணா பெண்ணா என்று அறியும் முறை அண்மையில்தான் வந்தது.

பெரியவர்களின் வயதைக் கண்டுபிடிப்பது இதைவிடக் கடினம். பல் எல்லாம் முளைத்து முடிந்த பிறகு அதன் கடிகாரம் நின்றுவிடுகிறதே! இங்கே கைகொடுத்தது தேய்மானம். கல் திரிகையில் அரைத்த மாவு, அதில் கலந்த கல்பொடி, முரட்டு ரொட்டி. இதைத் தினமும் மென்றவர்களின் பல் சீராகத் தேய்ந்துகொண்டே போகும். முதல் கடைவாய்ப்பல் 6 வயதில் வருகிறது, இரண்டாவது 12 வயதில். ஆக, இரண்டாவது பல் முளைத்த அன்று முதல் பல்லில் தெரியும் தேய்மானம் சரியாக ஆறு ஆண்டுத் தேய்மானம். அந்த ஊர்ப் பிள்ளைகளின் வாயிலேயே இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு, அதே ஊர்ப் பெரியவர்களின் பல்லில் வைத்துப் பார்க்கலாம். எவ்வளவு எளிமையான, எவ்வளவு அழகான யோசனை! எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்தது இதுதான். இப்படிக் கணக்குப் போட்டபோது, ஐம்பதைத் தாண்டியவர்கள் அந்த ஊரில் நிறையவே இருந்தது தெரிந்தது. அந்தக் காலத்தில் எல்லோரும் முப்பதிலேயே போய்ச் சேர்ந்தார்கள் என்று நாம் கேட்டு வளர்ந்தது சரியில்லை.

பிள்ளைகள் அவ்வளவு குட்டையாக இருந்தார்களே, பெரியவர்கள்? ஆண்களின் சராசரி உயரம் 168, 169 செ.மீ. இன்றைய ஆங்கிலேயரைவிடச் சில சென்டிமீட்டர்தான் குறைவு. மெதுவாக வளர்ந்தார்கள், ஆனால் இன்றைய பிள்ளைகள் வளர்ந்து முடிக்கும் வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டே இருந்தார்கள்.

பின்தங்கல் எங்கே தொடங்கியது என்பதற்கும் எலும்பிலேயே தடயம் இருக்கிறது. நைட்ரஜனில் சற்றுக் கனமான ஒரு வகை உண்டு. உணவுச் சங்கிலியில் ஒரு படி மேலே போகப் போக அது உடம்பில் கொஞ்சம் கூடும். பால் குடிக்கும் குழந்தை தாயின் உடம்பையே உண்கிறது அல்லவா, அதனால் தாயைவிட ஒரு படி மேலே நிற்கிறது. பால் மறக்கடித்து கஞ்சியும் ரொட்டியும் கொடுக்க ஆரம்பித்ததும் அந்த அளவு இறங்கும். வெவ்வேறு வயதில் இறந்த குழந்தைகளின் விலா எலும்பில் இதை அளந்து வரிசைப்படுத்தினால், ஊர்த் தாய்மார்கள் எப்போது பால் நிறுத்தினார்கள் என்பது தெரிந்துவிடும். வாரம் பெர்சியில் அது சுமார் ஒன்றரை வயது. அதுவரை அங்கே குழந்தைகளின் வளர்ச்சி இன்றைய குழந்தைகளுக்கு ஏறக்குறைய ஈடாகவே இருந்திருக்கிறது. அதன்பின் சரிகிறது. தாய்ப்பால் எவ்வளவு பெரிய கவசமாக இருந்தது என்று இதைவிடத் தெளிவாக எந்த ஏடும் சொல்லியிருக்க முடியாது. அந்தப் பெண்கள் யாரும் எழுதி வைக்கவும் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். எலும்பு மெதுவாக எழுதும் கை. ஒரு நோய் எலும்பில் தடம் பதிக்க மாதங்களோ வருடங்களோ ஆகும். நான்கு நாளில் ஆளைக் கொல்லும் நோய் எதையும் எழுதாமலே போய்விடும். 1348இல் இங்கிலாந்துக்குள் நுழைந்த பிளேக் அப்படித்தான். அதற்காகவே லண்டனில் கிழக்கு ஸ்மித்ஃபீல்டில் திறந்த இடுகாட்டில் கிடந்தவர்களின் எலும்பில் பிளேக்கின் அடையாளம் எதுவும் இல்லை. 2011இல் அவர்களுடைய பல்லுக்குள் எஞ்சியிருந்த டிஎன்ஏவிலிருந்துதான் அந்தக் கிருமியின் மரபணுத் தொகுதியைப் படித்தார்கள்.

இதிலிருந்து வருவதைத்தான் எலும்பியல் முரண் என்கிறார்கள். 1992இல் ஜேம்ஸ் வுட்டும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரையில் வந்த பெயர். நோய்த்தடம் நிறைந்த எலும்புக்கூட்டைப் பார்த்து, பாவம், நோஞ்சான் என்று நினைப்போம். உண்மையில் அவர் அந்த நோயோடு பல காலம் மல்லுக்கட்டியவராக இருக்கலாம். பக்கத்தில் மாசு மருவில்லாமல் கிடப்பவர், நோய் வந்த முதல் வாரத்திலேயே விழுந்தவராக இருக்கலாம். எலும்பில் நாம் படிப்பது பெரும்பாலும் தாங்கிய கதை, செத்த கதை அல்ல.

வாரம் பெர்சியில் 9 பேரின் எலும்புகளில் காசநோயின் அரிப்பு இருந்தது. மாடு வளர்க்கும் ஊர், பாலிலிருந்து வந்த மாட்டுக் காசநோயாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. டிஎன்ஏ வேறு சொன்னது. மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் வகை அது. மாதக்கணக்கில் இருமிக்கொண்டு, ஒரே அறையில் மற்றவர்களோடு படுத்தவர்கள்.

அந்த அறைகளைப் பற்றியும் எலும்பு பேசுகிறது. கன்னத்துக்குள் இருக்கும் சைனஸ் அறையின் உட்சுவர் இயல்பாக வழவழப்பாக இருக்கும். நாள்பட்ட அழற்சி இருந்தால் அதில் முள்முள்ளாகப் புது எலும்பு வளரும். வாரம் பெர்சியில் சோதித்தவர்களில் 39 சதவீதத்தினருக்கு அது இருந்தது. புகைபோக்கி இல்லாத வீட்டின் நடுவே அடுப்பு எரிந்தால் வேறு என்ன ஆகும்? யார்க் நகரத்தில், மதில் ஓரத்து புனித ஹெலன் தேவாலயத்தில் புதைக்கப்பட்ட ஏழைகளிடம் அது 55 சதவீதம். வீட்டுப் புகையோடு நகரத்துப் பட்டறைகளின் புகையும் சேர்ந்துகொண்டது என்பது நம்பத்தகுந்த விளக்கம்.

வயதான பெண்களின் எலும்பை எக்ஸ்ரே எடுத்து, வெளிச்சுவர் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்றும் பார்த்தார் மேஸ். உடல் உழைப்பு இல்லாததால்தான் இன்றைய பெண்களுக்கு எலும்பு மெலிகிறது என்று சொல்வதுண்டு. நாள் முழுக்க வயலிலும் வீட்டிலும் உழைத்த இந்தப் பெண்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு மெலிந்திருந்தது.

கடைசியாக ஒரு மண்டையோடு. 11ஆம் நூற்றாண்டு வாக்கில் வாழ்ந்த, சுமார் 40 வயதுக் குடியானவர். இடப்பக்கம் ஏதோ மொட்டையான ஆயுதத்தால் பலத்த அடி விழுந்து ஓடு உள்ளே அமுங்கியிருக்கிறது. அதன்மேல் தோலை விலக்கி, எலும்பைச் சுரண்டி எடுத்து, மூளைமேல் இருந்த அழுத்தத்தை யாரோ இறக்கியிருக்கிறார்கள். மண்டையைத் திறக்கும் சிகிச்சை.

தோண்டும்போது உடைந்த எலும்பின் விளிம்பு வெளிறியிருக்கும். சாகும் நேரத்தில் உடைந்தது கூர்மையாக, சுற்றியுள்ள எலும்பின் நிறத்திலேயே இருக்கும். உயிரோடு இருந்து ஆறினால்தான் விளிம்பு மழுங்கி, வழவழப்பாகும். இந்த மண்டையில் சுரண்டிய இடத்தின் ஓரங்கள் மழுங்கியிருக்கின்றன. ஊர்க்காரர் யாரோ, ஊர் சுற்றும் வைத்தியர் யாரோ, மயக்க மருந்து இல்லாமல் அவர் தலையைத் திறந்தார்கள். பிறகு புண் ஆறும்வரை யாரோ அவருக்குக் கஞ்சி கொடுத்திருக்கிறார்கள்.