டெஸ்க்டாப்: மேசையா, மேடையா?

பழைய கணினியைத் தூக்கி எறிய மனமில்லாமல், அதில் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவலாமா என்று கேட்பவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் மறுமொழி, "லைட்வெயிட் டெஸ்க்டாப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்பதே. கேட்டவர் கடைக்குப் போய், எடை குறைந்த சிறிய கணினிப் பெட்டி என்ன விலை என்று விசாரித்தால் அவர்மீது குற்றமில்லை, குற்றம் சொல்லின்மீது. மேசைமீது வைக்கும் கணினிக்கும் டெஸ்க்டாப் என்றுதான் பெயர். கணினியை இயக்கியவுடன் திரையில் விரியும் பரப்புக்கும் அதுவே பெயர். அந்தப் பரப்போடு பணிப்பட்டை, பட்டி, சாளரங்கள், கோப்பு மேலாளர் எல்லாம் சேர்ந்த மென்பொருள் தொகுதிக்கும் அதே பெயர்தான். ஆங்கிலத்தில் இடம் பார்த்துப் பொருள் கொள்கிறார்கள். தமிழில் மூன்று பொருளுக்கு மூன்று சொல் வைத்துக்கொள்ளத் தடையேதும் இல்லை.

'டெஸ்க்' என்பதன் வேர் 'டிஸ்கஸ்' என்னும் இலத்தீன் சொல். வட்டத் தட்டைக் குறித்த அச்சொல் இடைக்கால இலத்தீனில் மேசையைக் குறிக்கும் 'டெஸ்கா' ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. உண்ணும் தட்டைக் குறிக்கும் 'டிஷ்', கணினிக்குள் இருக்கும் 'டிஸ்க்' ஆகியவையும் அதே வேரில் கிளைத்தவையாதலால், டெஸ்க்டாப்பும் ஹார்ட் டிஸ்க்கும் உறவுக்காரச் சொற்களே. நம் 'மேசை'யும் இம்மண்ணில் பிறந்த சொல் அன்று. சாவி, சன்னல், அலமாரி ஆகியவற்றைப் போலப் போர்ச்சுக்கீசியரோடு கப்பலில் வந்து, 'மெசா' என்பது மேசையாகி நம் வீட்டிலேயே தங்கிவிட்டது.

கணினிகள் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு மேசைமீது அடங்கும் கருவியைத் தனித்துக் காட்டவே டெஸ்க்டாப் என்ற அடைமொழி பயன்பட்டது. இத்தாலியின் ஒலிவெட்டி நிறுவனம் 1965இல் அறிமுகப்படுத்திய புரோகிராமா 101 அந்த வகையின் முன்னோடிகளுள் ஒன்று. மேசைமீது இருந்த கணினிக்குள் மேசையே நுழைந்தது அதன் பிறகுதான். கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் ஆலன் கே முதலியோர், அலுவலகப் பணியாளர் ஒருவரின் மேசையைத் திரையில் உருவகப்படுத்தினால் புதியவர்களுக்கும் கணினி பிடிபடும் என்று கருதினர். அக்கருத்து 1981இல் ஜெராக்ஸ் ஸ்டார் என்ற விலைமிக்க கணினியாகச் சந்தைக்கு வந்தது. அதன் திரையில் ஆவணங்கள், கோப்புறைகள், வரும் அஞ்சலுக்கும் போகும் அஞ்சலுக்கும் தட்டுகள் என்று ஓர் அலுவலகமே படமாக விரிந்திருந்தது. ஆப்பிளின் லிசா 1983இலும் மேக்கின்டாஷ் 1984இலும் அந்தப் படத்தை மக்களிடம் கொண்டு சேர்த்தன.

மூன்றாம் பொருள் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் உலகில் பிறந்தது. அங்கே திரையில் வரையும் அமைப்பு வேறு, சாளரங்களை நகர்த்தும் நிரல் வேறு, கோப்புகளைக் காட்டும் நிரல் வேறு என்று தனித்தனியாக இருந்ததால், இவற்றை ஒரே தோற்றத்தில் கோத்துத் தரும் தொகுதிக்கு 'டெஸ்க்டாப் என்விரான்மென்ட்' என்று பெயரிட்டனர். சன், எச்பி, ஐபிஎம் முதலிய நிறுவனங்கள் 1993இல் அறிவித்த சிடிஇ (காமன் டெஸ்க்டாப் என்விரான்மென்ட்) என்ற தொகுதியின் பெயரிலேயே இச்சொற்றொடர் இருக்கிறது. அதன் தோற்றத்தை ஒட்டி, ஒலிவியே ஃபூர்தான் என்பவர் 1996இல் தொடங்கியதே எக்ஸ்எஃப்சிஇ. எக்ஸ்ஃபார்ம்ஸ் என்னும் நிரலகத்தின்மீது, அதாவது ஆயத்த நிரல்துண்டுகளின் தொகுப்பின்மீது, கட்டப்பட்டதால் 'எக்ஸ்ஃபார்ம்ஸ் காமன் என்விரான்மென்ட்' என்பதன் சுருக்கமாக அப்பெயர் வந்தது. அந்த நிரலகம் கட்டற்ற உரிமத்தில் இல்லாததால் ரெட் ஹாட் நிறுவனம் தன் லினக்ஸ் தொகுப்பில் அதைச் சேர்க்க மறுக்கவே, ஃபூர்தான் ஜிடிகே என்ற வேறொரு நிரலகத்தைக் கொண்டு முழுவதையும் திரும்ப எழுதினார். பெயரின் எழுத்துகள் மட்டும் விரிவு இழந்து இன்றும் அப்படியே நிற்கின்றன.

நிரலின் மூலத்தை யாவரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் விடும் மென்பொருளைக் குறிக்கும் 'ஓப்பன் சோர்ஸ்' என்ற அடைமொழியின் கனத்தையும் இந்த நிகழ்ச்சியே காட்டுகிறது. அச்சொல் 1998இல் கிறிஸ்டின் பீட்டர்சன் முன்மொழிந்தது. 'ஃப்ரீ சாஃப்ட்வேர்' என்பது அதற்கு முன்பே ரிச்சர்ட் ஸ்டால்மன் வழியாகப் பரவியிருந்தது. பின்னதற்குக் 'கட்டற்ற மென்பொருள்' என்ற மொழிபெயர்ப்பு ஆங்கில மூலத்தைவிடச் சிறந்தது என்றே சொல்வேன்; 'இலவசமா, விடுதலையா' என்று ஆங்கிலத்தில் எழும் குழப்பம் தமிழில் எழவே இல்லை. முன்னதற்கு வழங்கும் 'திறமூலம்', குடிநீர் போன்ற வினைத்தொகையாக அமைந்திருந்தாலும், திறமையின் 'திற'மோ என்று கண்ணை ஒரு கணம் தடுக்கிவிடுகிறது. மூலம் என்றால் நோயை நினைப்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. 'திறந்த மூலநிரல்' என்று விரித்தெழுதினால் இரண்டு இடரும் நீங்கும்.

இனித் தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். பெட்டியைக் குறிக்க 'மேசைக் கணினி' வழக்கில் ஊன்றிவிட்டது. அதை அசைக்கத் தேவையில்லை. திரைப்பரப்பைக் குறிக்க மேல்மேசை, முகப்பு, பணிமேடை எனப் பல சொற்கள் புழங்கியுள்ளன. 'மேல்மேசை' சொல்லுக்குச் சொல் வைத்த பெயர்ப்பு. மேல்மாடி என்பதுபோல, கீழே இன்னொரு மேசை இருப்பதாக எண்ண வைக்கிறது. 'முகப்பு' நல்ல சொல்லாயினும் இணையதளங்களின் முதற்பக்கத்துக்கு ஏற்கெனவே போய்விட்டது. என் தேர்வு 'பணிமேடை'. மேடை என்றதும் ஒலிபெருக்கியும் பொன்னாடையும் நினைவுக்கு வருமே என்பார்கள். ஆனால் நம் வீடுகளில் சமையல் மேடை இருக்கிறதே! அன்றாடம் வேண்டிய பொருள்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, நறுக்குவதும் அரைப்பதும் பரிமாறுவதும் நடக்கும் பரப்பு அது. திரையில் நாம் செய்வதற்கு இதைவிடப் பொருத்தமான உவமையை எழுதுமேசை தந்துவிடவில்லை. தொகுதிக்குப் 'பணிமேடைச் சூழல்' எனலாம். வெறும் 'பணிச்சூழல்' என்றால், வேலை பார்க்கும் இடத்தில் காற்றோட்டம் எப்படி, மேலதிகாரி எப்படி என்ற பொருளே முந்திக்கொண்டு வரும்.

'லைட்வெயிட்' குத்துச்சண்டையிலும் வழங்கும் எடைப்பிரிவுச் சொல். மென்பொருளுக்குக் கிலோ கணக்கில் எடை கிடையாது. நினைவகத்தின்மீதும் செயலியின்மீதும் அது ஏற்றும் சுமையே பேச்சு. ஆகவே 'எடை குறைந்த' என்பது பிழையான படம். 'இலகு' வடமொழி 'லகு'வின் தமிழ் வடிவம். இலங்கைத் தமிழில் எளிது என்ற பொருளில் நன்கு வழங்குவதால், 'இலகுவான சூழல்' என்றால் கற்க எளியது என்று படும். 'குறைசுமை' என்பதே நேரானது. மயிலிறகானாலும் அளவு மிஞ்சி ஏற்றினால் அச்சு முறியும் என்பது தமிழருக்குப் புதிய செய்தி அன்று. நிழல், ஒளிபுகும் விளிம்பு, அசைவு என்று தனித்தனியே அற்பமானவை சேர்ந்துதான் பழைய கணினியைத் திணறடிக்கின்றன.

இந்தச் சொற்றொடர் அண்மையில் காதில் அதிகம் விழக் காரணம் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி நினைவகத்தையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாட்டையும் கேட்பதால், நன்றாக இயங்கும் பல கணினிகள் வெளியே நின்றுவிட்டன. அவற்றுள் 2 ஜிபி நினைவகமே உள்ளவற்றுக்கு எல்எக்ஸ்க்யூடி என்ற பணிமேடைச் சூழல் பொருந்தும்; தைவானில் 2006இல் தோன்றிய எல்எக்ஸ்டிஇ என்ற சூழலின் வழிவந்த அது, லுபுண்டு என்ற லினக்ஸ் தொகுப்பில் 18.10 பதிப்பு முதல் இருக்கிறது. 4 ஜிபி இருந்தால் எக்ஸ்எஃப்சிஇயைத் தயங்காமல் எடுக்கலாம். க்னோம் என்ற சூழலின் மூன்றாம் பதிப்பு வெளிவந்த 2011 முதல், பழைய க்னோமைக் கைவிட மனமில்லாதவர்கள் காத்துவரும் மாட்டேயும் நல்லதே. தென்னமெரிக்கப் பானம் ஒன்றின் பெயரைச் சூட்டிக்கொண்டது அது. இவற்றைவிடவும் சுமை குறைய வேண்டும் என்று ஓப்பன்பாக்ஸ் போன்ற சாளர மேலாளரை மட்டும் வைத்துக்கொள்பவர்கள், ஒலி அளவு, வைஃபை, பென்டிரைவ், தமிழ்99 தட்டச்சு ஒவ்வொன்றையும் தாமே கோத்தாக வேண்டும். அன்றாடப் பயன்பாட்டுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்தச் சூழலை எடுத்தாலும், உலாவியில் பத்துத் தத்தல்களை (டேப்) திறந்ததும் மிச்சப்படுத்திய நினைவகம் கரைந்துவிடும் என்பதையும், சுழலும் வன்தட்டை நீக்கி, சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி சேமிப்பகத்தைப் பொருத்துவது சூழலை மாற்றுவதைவிடக் கூடுதல் வேகம் தரும் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருப்பது ஏமாற்றத்தைத் தவிர்க்கும். தவிர, ஒரே கணினியில் இரண்டு பணிமேடைச் சூழல்களை நிறுவி, கடவுச்சொல் கேட்கும் திரையில் இன்று இது, நாளை அது என்று மாற்றி மாற்றி நுழையலாம். ஒரு வாரம் புழங்கிப் பார்த்தபின் வேண்டாததை நீக்கிக்கொள்ளலாம்.