சொகுசுக் கார் கிலோமீற்றரால் கிழடாவதில்லை

2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறக்கும் வரை, ஏற்கெனவே நாட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த கார்களைத்தான் நாங்கள் கைமாற்றிக்கொண்டிருந்தோம். இப்போதும் புதிய வாகனத்துக்கான வரியைக் கேட்டால் தலை சுற்றுகிறது. இந்த நிலையில் பத்து, பன்னிரண்டு வயதான பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் ஒன்று கைக்கெட்டும் விலையில் வந்தால் மனம் அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும்.

விற்பவர் முதலில் காட்டுவது மீற்றரை. "அறுபதாயிரம்தான் ஓடியிருக்கு, டொக்டர் ஒருத்தர் பாவிச்ச கார்" என்பார். அது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் திருகோணமலையில் வைத்து ஓட்டப்போகிறவருக்கு அந்த எண் அதிகம் உதவாது. இந்த வகைக் கார்களில் எஞ்சினின் உலோகப் பாகங்கள் நீண்ட காலம் தாங்கும். முதலில் கைவிடுவது ரப்பரும் பிளாஸ்டிக்கும். அவை ஓடினாலும் ஓடாவிட்டாலும் வெப்பத்தாலும் காலத்தாலும் மூப்படைகின்றன.

ரப்பருக்கும் வேகக் காருக்கும் என்ன தொடர்பு? கந்தளாய்ப் பக்கம் ஒரு வளைவில் இந்தக் காரைத் திருப்பிப் பார்த்தால் புரியும். எஞ்சின் முன் சில்லுகளின் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைக்கப்பட்டிருப்பதால் காரின் எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சமமாகப் பிரிகிறது. தள்ளும் வேலை பின் சில்லுகளுக்கு, திரும்பும் வேலை முன் சில்லுகளுக்கு. பின் சில்லு ஒவ்வொன்றையும் காரின் உடலோடு இணைத்து ஐந்து ஆர்ம்கள், அதாவது உலோகக் கைகள், பிடித்திருக்கின்றன. ஆர்ம்களின் முனைகளில் இருப்பவைதான் கராஜ்களில் 'புஷ்' என்று சொல்லப்படும் ரப்பர் உருளைகள்.

புஷ்ஷிடம் கேட்கப்படும் வேலை முரணானது. குழியில் விழும்போது முன்பின்னாக நெகிழ வேண்டும். வளைவில் பக்கவாட்டாக அசையவே கூடாது. இதற்காக ரப்பருக்குள் சில இடங்களில் வெற்றிடம் விட்டு வார்க்கிறார்கள். முன்பக்கத்து ஆர்ம்கள் சிலவற்றின் புஷ்ஷுக்குள் அதிர்வை அடக்க ஒரு திரவமும் இருக்கும். ரப்பர் வெடித்து அது கசிந்துவிட்டால், வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும். பலர் பிரேக் டிஸ்க் வளைந்துவிட்டதென்று நினைத்து அதை மாற்றிவிட்டுப் பிறகும் நடுங்குகிறதே என்று குழம்புவது இதனால்தான்.

ரப்பர் என்பது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் கந்தகத்தால் ஆங்காங்கே பிணைத்த பொருள். காற்றிலுள்ள ஒட்சிசன் மெல்ல மெல்ல அந்தச் சங்கிலிகளைச் சில இடங்களில் அறுக்கும், வேறு சில இடங்களில் தேவையில்லாத புதிய பிணைப்புகளைப் போடும். ரப்பர் இறுகி வெடிக்கும். இத்தகைய வேதி மாற்றங்களின் வேகம் ஒவ்வொரு 10 பாகை வெப்பத்துக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகைக்கு அருகில், திருகோணமலையில் 28 பாகைக்கு அருகில். மலையில் நிழலில் நின்ற காரும் நம் ஊரில் வெயிலில் நின்ற காரும் மீற்றரில் ஒரே எண்ணைக் காட்டலாம். அடியில் இருக்கும் புஷ்களின் வயது ஒன்றாக இருக்காது.

எஞ்சின் பகுதிக்குள் நிலைமை இன்னும் மோசம். தண்ணீர் சாதாரணமாக 100 பாகையில் கொதிக்கும். குளிரூட்டும் தொகுதியை இறுக மூடி, வெளிக்காற்றை விட ஒரு பார் (ஏறக்குறைய இன்னொரு மடங்கு காற்றழுத்தம்) கூடுதல் அழுத்தத்தில் வைத்தால் ஏறக்குறைய 120 பாகை வரை அது கொதிக்காது. இந்த இடைவெளியை நம்பித்தான் இந்தக் கார்களின் எஞ்சின்கள், மெதுவாக ஓடும்போது வேண்டுமென்றே 100 பாகையைத் தாண்டி வேலை செய்கின்றன. சூட்டில் ஒயில் இளகும், உராய்வு குறையும், எரிபொருள் மிச்சமாகும். ஆனால் அந்தச் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்க வேண்டியவை கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) நிற்கும் நைலோன் தாங்கியும் பிளாஸ்டிக் இணைப்புகளும். சூடான கூலன்ட் நைலோனின் மூலக்கூறுகளை ஆண்டுக்கணக்கில் வெட்டிக்கொண்டே இருக்கிறது. கசிந்து எச்சரிக்கை தராமல் ஒருநாள் சட்டென்று உடையும். பல மொடல்களில் வோட்டர் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. அதுவும் திடீரென நிற்கக்கூடியதுதான். அலுமினிய சிலிண்டர் ஹெட் ஒருமுறை அளவு மீறிச் சூடானால் வளைந்துவிடும், செலவு பல லட்சத்துக்குப் போகும். எப்போது மாற்றினார்கள் என்று பற்றுச்சீட்டு இல்லாவிட்டால், வாங்கிய கையோடு பம்ப், தேர்மோஸ்டாட், தாங்கி, குழாய்கள் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிவிடுவதே என் கட்சி. கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் இந்தப் பணத்தை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஒரு வேண்டுகோள்: ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். கடலோரக் கிணறுகளில் உப்பின் குளோரைட் கலந்திருக்கும். அலுமினியத்தைக் காக்கும் மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தை அது துளைக்கும். கூலன்ட்டில் நிறம் மட்டுமல்ல, அரிப்பைத் தடுக்கும் மருந்தும் இருக்கிறது.

உப்பு உள்ளே மட்டும் வேலை செய்வதில்லை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வீடு இருப்பவர்கள் காலையில் கண்ணாடியைத் துடைக்கும்போதே பார்த்திருப்பார்கள். காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சித் தானாகக் கரையும். மழை ஒரு துளியும் பெய்யாத இரவிலும் காரின் அடிப்பாகம் உப்புநீரில் நனைந்து நிற்பதன் காரணம் இதுதான். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். வெவ்வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அது ஒரு சிறு பற்றரியை உண்டாக்கும், இரண்டில் எளிதில் வினைபுரியும் உலோகம் கரைந்துபோகும்.

இதை நன்றாகக் காட்டும் எஞ்சின் ஒன்று உண்டு. 2004இல் வெளிவந்த பிஎம்டபிள்யூவின் ஆறு சிலிண்டர் என்52, எடையைக் குறைக்க மக்னீசியமும் அலுமினியமும் சேர்ந்த பிளொக்கோடு செய்யப்பட்டது. மக்னீசியம் மிக எளிதில் அரிக்கப்படும் உலோகம், இரும்பு போல்ட் பட்டால் அதுதான் கரையும். ஆகவே அதில் அலுமினிய போல்ட்களைப் போட்டார்கள், அதுவும் ஒருமுறை கழற்றினால் திரும்பப் போடக்கூடாதவை. கராஜில் பாஸ் "இந்த போல்ட் மென்மை, நல்ல இரும்பு போல்ட் போட்டுத் தாறன்" என்று அன்பாகச் சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள்.

பராமரிப்பு பெரிய வித்தையில்லை. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தையும் சில்லு வளைவுகளையும் கழுவினால் போதும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையால் காரை மூடுவது தீமையே செய்யும், ஈரம் உள்ளே நின்றுவிடும்.

டீசல் மொடலைத் தேடுபவர்கள் தங்கள் ஓட்டத்தை முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். புகைக் குழாயில் இருக்கும் வடிகட்டி கரியைச் சேர்த்து வைக்கும். அதை எரித்துச் சுத்தமாக்க ஏறக்குறைய 600 பாகை வெப்பமும், விடாமல் ஓடும் கொஞ்ச நேரமும் தேவை. வீட்டிலிருந்து சந்தைக்கும் பள்ளிக்கும் போய்வருவதில் அது கிடைக்காது. எரிப்பு பாதியில் நின்றால், அந்த வெப்பத்துக்காகக் கூடுதலாகத் தெளிக்கப்பட்ட டீசல் எஞ்சின் ஒயிலுக்குள் வடிந்து அதை நீர்க்கச் செய்யும். கந்தகம் குறைந்த சுப்பர் டீசலை அடிப்பதும், இடைக்கிடை கந்தளாய் வரை ஒரே வேகத்தில் போய்வருவதும் நல்ல மருந்து. ஊருக்குள் மட்டும் ஓட்டப்போகிறீர்களா? பெற்றோல் மொடலே பொருத்தம்.

கியர்பொக்ஸ் ஒயில் 'ஆயுள் முழுவதும் போதும்' என்று சொல்வதை நம்பாதீர்கள். எட்டு கியர் பெட்டியைச் செய்யும் ZF நிறுவனமே, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள் மாற்றச் சொல்கிறது.

கடைசியாக டயர். பல 3 சீரிஸ் கார்களில் ஸ்பெயார் சில்லு கிடையாது. காற்று முழுவதும் போனாலும் தடித்த பக்கச்சுவரின் பலத்தில் மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் 80 கிலோமீற்றர் வரை போகக்கூடிய ரன்ஃபிளாட் டயர்கள் போட்டு வரும். ஹபரணையிலிருந்து திருகோணமலை ஏறக்குறைய அந்தத் தூரம்தான். யானை கடக்கும் அந்த வீதியில் இரவில் இறங்கி நின்று டயர் மாற்ற யாருக்கும் ஆசை இராது. ஆனால் அதே தடித்த பக்கச்சுவர் ஒவ்வொரு குழியின் அடியையும் நேராகப் புஷ்களுக்கு அனுப்பும். இதனால் பலர் சாதாரண டயருக்கு மாறுகிறார்கள், கார் உடனே மென்மையாகும். மாறுகிறவர்கள் டிக்கியில் காற்றடிக்கும் சிறு பம்பும் பஞ்சர் ஒட்டும் பொருட்களும் வைத்திருக்க வேண்டும். பழைய டயரோடு வாங்கினால் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பூ எவ்வளவு மீதி இருந்தாலும் அந்த டயரை மாற்றும் செலவைக் காரின் விலையில் கழித்துக் கேளுங்கள்.