கண்ணுக்குள் குழாய்: எத்தனை ஆண்டு சோதித்தார்கள்?

"டாக்டர், கண்ணுக்குள் சின்னக் குழாய் வைக்கிறார்களாமே, வைத்துவிட்டால் சொட்டு மருந்தே வேண்டாமா?" கண் நீர் அழுத்த நோய்க்கு ஆண்டுக்கணக்கில் மருந்து விட்டுச் சலித்தவர்கள் கேட்கும் கேள்வி இது. அந்தச் சலிப்பு நியாயமானது. பதிலுக்கு முன் 'சைபாஸ்' என்ற குழாய்க்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நீளம் 6 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். கண்புரை அறுவை சிகிச்சையின்போதே உள்ளே செலுத்தி, முன்னறையில் (கருவிழிக்குப் பின்னால் உள்ள இடத்தில்) தேங்கும் நீரைக் கண்ணின் வெண்படலத்துக்கு அடியில் வடியவிடுவார்கள். அமெரிக்காவில் 505 பேரிடம் இதைச் சோதித்தார்கள். புரையை அகற்றினாலே அழுத்தம் ஓரளவு குறையும் என்பதால், ஒரு பிரிவினருக்குக் குழாய் வைக்காமல் ஒப்பிட்டார்கள். மருந்தின் பலன் குழாயின் கணக்கில் சேர்ந்துவிடக் கூடாதென்று சொட்டு மருந்தை நிறுத்தி இடைவெளி விட்டு அளந்தார்கள். நேர்மையான சோதனை. இரண்டு ஆண்டு முடிவில், குழாய் வைத்தவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினருக்கு அழுத்தம் ஐந்தில் ஒரு பங்காவது குறைந்திருந்தது. வைக்காதவர்களிலும் ஐந்தில் மூவருக்கு அப்படிக் குறைந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2016 ஜூலையில் அனுமதி கிடைத்தது.

நல்லவேளை, அதே நோயாளிகளை ஐந்து ஆண்டு வரை தொடர்ந்து பார்த்தார்கள். அப்போதுதான் தெரிந்தது: குழாய் வைத்த கண்களில் கருவிழியின் உட்புறச் செல்கள் மற்றவர்களைவிட வேகமாக அழிந்திருந்தன. குழாய் முன்னறைக்குள் அதிகம் நீட்டிக்கொண்டிருந்த கண்களில் இழப்பும் அதிகம். இந்தச் செல்கள் ஒருமுறை போனால் மீண்டும் முளைப்பதில்லை. மிகவும் குறைந்தால் கருவிழி நீர் கோத்து மங்கிவிடும். 2018 ஆகஸ்டில், சைபாஸை விற்றுவந்த ஆல்கான் நிறுவனம் அதை உலகெங்கும் திரும்பப் பெற்றது.

இதனால் எல்லாக் குழாய்களும் ஆபத்து என்று ஆகாது. ஐஸ்டென்ட், ஹைட்ரஸ் போன்றவை கண்ணின் இயல்பான வடிகாலிலேயே அமர்பவை. இன்றும் பயன்பாட்டில் உள்ளன. ஆரம்ப, நடுத்தர நிலை நோய்க்கு அவை உதவலாம். சிலருக்கு மருந்து குறையும், சிலருக்கு நிற்கும், சிலருக்குத் தொடரும். எதுவானாலும் இழந்த பார்வை திரும்பாது. அழுத்தப் பரிசோதனைக்கு வருவதை நிறுத்தவும் முடியாது.

உங்களுக்குக் குழாய் பரிந்துரைக்கப்பட்டால், எத்தனை ஆண்டு வரையிலான முடிவுகள் வந்துள்ளன, கருவிழிச் செல்களை எண்ணினார்களா என்று தயங்காமல் கேளுங்கள். ஏற்கெனவே வைத்துக்கொண்டவர்கள் அதன் பெயர் எழுதிய அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். செல்களை எண்ணும் பரிசோதனை எப்போது தேவை என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அது வலியில்லாதது, சில நிமிடங்களில் முடிந்துவிடும்.