பிரெகொரெக்ஸியா: தமிழில் எப்படிச் சொல்வது?

பிரெகொரெக்ஸியா என்பது மருத்துவர்கள் வைத்த பெயர் அல்ல. 2008 வாக்கில் ஆங்கிலப் பத்திரிகைகளில் பரவிய ஒட்டுச்சொல் அது. கர்ப்பத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் தலையையும் எடைக்குப் பயந்து உணவை ஒதுக்கும் நோயான அனொரெக்ஸியாவின் வாலையும் சேர்த்துச் செய்தது. எடை ஏறுகிறதே என்ற பயத்தில் கர்ப்பிணி ஒருத்தி சோற்றைக் குறைப்பது, தின்றதை வாந்தியெடுப்பது, அளவில்லாமல் உடற்பயிற்சி செய்வது எல்லாவற்றையும் இந்தப் பெயரால் சொல்கிறார்கள்.

வேரைப் பார்த்தால் ஒரு கோளாறு தெரிகிறது. கிரேக்கத்தில் ‘ஒரெக்ஸிஸ்’ என்றால் வேட்கை. கை நீட்டி எட்டுவதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்த சொல். முன்னால் வரும் ‘அன்’ இன்மையைக் குறிக்கும். ஆக, அனொரெக்ஸியா என்பது வேட்கையின்மை. 1874-ல் வெளியான கட்டுரையில் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் அதோடு ‘நரம்பு சார்ந்த’ என்ற அடையைச் சேர்த்து, அனொரெக்ஸியா நெர்வோசா என்று நோய்க்குப் பெயரிட்டார். பத்திரிகைக்காரர்கள் வெட்டி ஒட்டியபோது அந்த ‘அன்’ போய்விட்டது. மிஞ்சியதைப் பிரித்துப் படித்தால் கர்ப்ப வேட்கை என்றுதான் பொருள் வருகிறது.

கர்ப்ப வேட்கைக்குத் தமிழில் பழைய சொல்லே உண்டு: வயா. ‘வயாஎன் கிளவி வேட்கைப் பெருக்கம்’ என்கிறது தொல்காப்பியம். நிறைசூலி பச்சைப் புளிக்கு ஏங்குவதைக் குறுந்தொகை பாடியிருக்கிறது. நம் வீடுகளில் மாங்காயும் புளியும் தேடிக் கொடுப்பது இதற்காகத்தான். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் நோய்க்கு நேர் எதிரான இடத்தில் போய் நிற்போம்.

சரி, பசியின்மை என்று எழுதலாமா? பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காய்ச்சலிலும் மஞ்சள் காமாலையிலும் வருவது பசியின்மை. இங்கே பசி இருக்கிறது. பயம் அதை அமுக்கி வைக்கிறது. அதோடு, கர்ப்பிணிக்குப் பசியில்லை என்றால் வீட்டில் உடனே “மசக்கைதான், மூணு மாசத்துல சரியாயிடும்” என்பார்கள். நோய் மறைந்துகொள்ள இதைவிட வசதியான திரை வேண்டாம். மசக்கைக்காரி, ஒரு வாய்கூட இறங்கவில்லையே என்று தவிப்பாள். இவள் நாலு வாய் சாப்பிட்டுவிட்டோமே என்று தவிப்பாள். இரண்டும் ஒருத்திக்கே சேர்ந்து வரவும் செய்யும். ஸ்வீடனில் 2003 முதல் 2014 வரை நடந்த சுமார் 12 லட்சம் பிரசவங்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, உண்ணல் கோளாறு உள்ள பெண்களுக்குக் கடும் வாந்தி வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது.

ஆபத்து வாந்தியோடு நிற்பதில்லை. ரத்தசோகை, குறைமாதப் பிரசவம், பிள்ளையின் எடையும் தலைச் சுற்றளவும் குறைவது, கருக்கலைவு எல்லாம் இதில் உண்டு. வாந்தியெடுத்துக்கொண்டே இருந்தால் உடம்பில் பொட்டாசியம் இறங்கி இதயத்துடிப்பு தடுமாறும். சரியாகச் சாப்பிடாமல் மாதவிலக்கு நின்றதால் கரு தங்காது என்று நம்பியிருந்தவர்களுக்கும் கரு தங்குவதுண்டு. விலக்கு வராமலே முட்டை வெளிப்படலாம். சிலருக்குக் கர்ப்ப காலத்தில் நோய் தணிந்து, பிரசவத்துக்கு அப்புறம் திரும்புகிறது. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வும் இவர்களுக்கு அதிகம்.

என் தெரிவு ‘சூல்கால எடையச்சம்’. எதற்கு அஞ்சுகிறாள் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடும். பொதுப்பெயராக ‘உண்ணல் கோளாறு’ போதும். அந்த எடை எதனால் ஆனது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சராசரி உடல்வாகுள்ள பெண்ணுக்குக் கர்ப்ப காலத்தில் 11.5 முதல் 16 கிலோ வரை ஏறலாம் என்கிறது அமெரிக்காவின் 2009 வழிகாட்டுதல். அதில் பிள்ளை மூன்று கிலோ சொச்சம். மீதியில் நஞ்சுக்கொடி, பனிக்குட நீர், வளர்ந்த கருப்பை, கூடிய ரத்தம் எல்லாம் அடங்கும். கொழுப்பு ஒரு பங்குதான், அதுவும் பாலூட்டும் காலத்துக்கான சேமிப்பு.

முன்பு உண்ணல் கோளாறு இருந்தது என்பதை முதல் பரிசோதனையிலேயே சொல்லிவிடுவது நல்லது. எண்ணைப் பார்த்தாலே பதறுகிறவர்கள், எடை மெஷினில் முதுகைத் திருப்பி நிற்கலாமா என்று கேட்கலாம். நர்ஸ் எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் அட்டையில் மட்டும் குறித்துக்கொள்வார்.